1986 மார்ச் 15: சிராங்கூன் ரோட்டில் நின்றவர்கள் எழுதுங்கள்

வாம்போவிலிருந்து:

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் முனையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. லியான் யாக் பில்டிங் என்று பெயர். மேலே இருந்த ஹோட்டலை வைத்து நியூ வோர்ல்டு என்றுதான் சொல்வோம். கீழே பேங்க். 1986 மார்ச் 15, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி வாக்கில் அது ஒரு நிமிடத்துக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள்.

அப்போது நான் பள்ளி மாணவன். அப்பாவின் மளிகைக் கடை பக்கத்துத் தெருவில். சத்தம் கேட்டு ஓடினால் எங்கும் புழுதி, எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியவில்லை. அடங்கிய பிறகு பார்த்தால் ஓவன் ரோட்டுக் கடைக்காரர்கள் வெறுங்கையால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள், சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும். அப்பா கடையிலிருந்த பிஸ்கட் டின்களையும் தண்ணீரையும் தூக்கிக் கொடுத்தார். கடன் நோட்டில் ஐந்து காசு விடாமல் எழுதுகிற மனிதர் அன்று எதையும் எழுதவில்லை.

நடுநடுவே மீட்புப் பணியாளர்கள் கையைத் தூக்குவார்கள். இயந்திரங்கள் நிற்கும். உள்ளே யாராவது தட்டுகிறார்களா, முனகுகிறார்களா என்று கேட்பதற்காக அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் நிற்கும். அப்படி ஒருமுறை பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. மகள் உள்ளே இருக்கிறாள் என்று யாரோ மலாயில் சொன்னார்கள். அந்த மகள் வெளியே வந்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மீட்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். போன அந்த 33 பேரைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அது எனக்கு வலிக்கிறது.

ஈசூனிலிருந்து:

அண்ணே, நான் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. உள்ளே வரும் ஆட்கள், சாமான்கள் பாரத்தையெல்லாம் கணக்கில் எடுத்தவர்கள், கட்டடத்தின் சொந்தப் பாரத்தைச் சேர்க்கவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. 1971இல் கட்டியது, அத்தனை வருடம் நின்றதே பெரிது. விழுவதற்கு முன் தூண்களில் விரிசல் கண்டிருந்தது. 1989இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் ஒருவர் போட்ட கணக்கை வேறொரு பொறியாளர் தனியாகச் சரிபார்ப்பது கட்டாயமானது. அந்த 33 உயிர்கள் போன பிறகு வந்த காவல் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த அயர்லாந்து, பிரிட்டன், ஜப்பான் நாட்டு நிபுணர்கள் தாங்களாக வந்து நின்றார்கள். மேலிருந்து கனரக இயந்திரத்தால் அள்ளினால் அடியில் உயிரோடு இருப்பவர்கள் நசுங்கிவிடுவார்கள் என்று இடிபாடுகளுக்குள் சுரங்கம் குடைந்து உள்ளே போனார்கள். எந்த நேரமும் சரியலாம் என்பது தெரிந்தே போனார்கள்.

ஜூரோங்கிலிருந்து:

வணக்கம் அண்ணன்மார்களே. நான் பெரம்பலூர் பக்கம், இங்கே சைட்டில் வேலை, டார்மிட்டரியில் இருக்கிறேன். ஈசூன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் 2025 ஜூலை 26 ஞாபகம் வந்தது. தஞ்சோங் காத்தோங் ரோட்டில் தரை உள்வாங்கி ஒரு கார் விழுந்ததே, அதிலிருந்த பெண்ணை நைலான் கயிறு போட்டு மேலே இழுத்தது பக்கத்துத் தளத்தில் வேலை செய்த ஏழு பேர். முன்னால் நின்ற ஃபோர்மேன் நம் தமிழ்நாட்டுக்காரர். அன்று ரூமில் எல்லாருக்கும் அப்படி ஒரு பெருமை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா தேக்காவில் நாங்கள் புல்லில் உட்கார்ந்தால் சிலர் விலகிப் போகிறார்கள். தமிழர்களும்தான். குறையாகச் சொல்லவில்லை. ஆபத்தில் கை கொடுக்கும்போது யாரும் வேலை பெர்மிட் கேட்பதில்லை, மற்ற நாளிலும் அப்படி இருக்கலாமே என்று ஆசை.

வாம்போ:

தம்பி, நீங்கள் சொன்னது நியாயம். மார்ச் 15 அன்று அந்த முனையில் கூடலாம் என்று இருக்கிறேன். பூ மட்டும் போதும், பேச்சு வேண்டாம். சீன, மலாய் அண்டைவீட்டாரையும் கூப்பிட்டு வாருங்கள், அவர்கள் குடும்பத்திலும் அன்று அங்கே நின்றவர்கள் இருப்பார்கள். தம்பி, நீங்களும் உங்கள் ரூம்காரர்களும் அவசியம் வர வேண்டும். அன்று லீவு கிடைக்காவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்வோம்.