சிறுநீர்க்குழாயில் 8 மி.மீ. கல்: ஷாக் வேவா, லேசரா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. இடது சிறுநீர்க்குழாயின் அடியில், சிறுநீர்ப்பைக்குச் சற்று மேலே கல் நிற்கிறது. சிடி ஸ்கேனில் கல்லின் அடர்த்தி 1200 (ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு). பெரியப்பா வாழைத்தண்டுச் சாறே போதும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். 8 என்றால் சாற்றை நம்பி நாள் கடத்தாதீர்கள். வலி நின்றாலும் அடைப்பு இருக்கலாம், சிறுநீரகம் கெட்டுவிடும்.

பதில்: எனக்கும் அதே இடம்தான், லேசர் செய்தார்கள். வெட்டு கிடையாது, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி போகும். அடர்த்தி 1000க்கு மேல் போனால் ஷாக் வேவில், அதாவது உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் முறையில், உடைவது கஷ்டம். லேசர் முடிந்ததும் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பார்கள். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் விலாவில் சுரீரென்று இழுக்கும். அதை எடுக்கும் தேதியை மறக்கவே கூடாது, அதன்மேலேயே கல் படிந்துவிடும்.

கேட்டவர்: நன்றி அண்ணா. மாலையிலிருந்து அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல்.

பதில்: தம்பி, இப்போதே அட்மிட் செய்யுங்கள். அடைப்போடு காய்ச்சல் வந்தால் முதலில் சிறுநீரை வடிக்க வேண்டும், கல்லை அப்புறம் உடைக்கலாம்.