மலையேற்றத்துக்கு எந்த ஷிஃப்ட் வேலை தோது?

கேள்வி: சனி, ஞாயிறில் பாறை ஏறப் போனால் ஒரே கூட்டம். ஷிஃப்ட் வேலைக்கு மாறலாமா என்று யோசனை. 4 நாள் வேலை 4 நாள் ஓய்வா, 24 மணி வேலை 48 மணி ஓய்வா, கடல் எண்ணெய் மேடையில் 28 நாள் வேலை 28 நாள் ஓய்வா?

பதில் 1: 4-4 தான். 12 மணி நேர ஷிஃப்ட், சராசரி வாரம் 42 மணி. 4 ஷிஃப்டுக்கு விடுப்பு போட்டால் முன்னும் பின்னும் சேர்ந்து 12 நாள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். ஆனால் சுழற்சி 8 நாள் என்பதால் ஓய்வு ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமை தள்ளிப்போகும். அதனால் கீழே நின்று கயிறு பிடிக்க ஜோடி சேர்ப்பதுதான் பெரும்பாடு.

பதில் 2: 24-48 கேட்க நல்லாருக்கும். கணக்குப் போட்டால் வாரம் 56 மணி, ராத்திரி அவசர அழைப்பு வந்தால் ஓய்வின் முதல் நாள் தூக்கத்திலேயே போச்சு.

பதில் 3: எதை எடுத்தாலும், கடைசி இரவு ஷிஃப்ட் முடிந்து நேரே வண்டியை எடுக்காதீங்க. 17 மணி நேரம் விழித்திருந்தாலே நிதானம் ரத்தத்தில் 0.05% மது உள்ளவர் அளவுக்கு இறங்கிடும். காலையில் 3 மணி நேரம் மட்டும் தூங்குங்க, பிறகு வெளிச்சத்தில் நடங்க, இரவு சீக்கிரம் படுங்க. பாறை மறுநாள்தான். பையை முதல் ஷிஃப்டுக்கு முன்பே கட்டிடுங்க. தூக்கக் கலக்கத்தில் கட்டினால் தலைவிளக்குதான் முதலில் விடுபடும்.

பதில் 1: 28 நாள் வேலை நீண்ட பயணத்துக்குச் சரி. ஆனால் அங்கே ஏறாமல் இருப்பதால் விரல் பலம் குறையும், திரும்பிய முதல் வாரம் எளிய பாதைகளோடு நிறுத்திக்கோங்க.