சித்தப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்

குழு: லயத்து வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிறு மாலை

தம்பி (கொழும்பு): அக்கா, அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் போட்டிருக்கிறேன், பாருங்கள். ஃபேட்டி லிவர், கிரேட் 2 என்று இருக்கிறது. அப்பா ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ரிப்போர்ட் மாறிவிட்டதா?

சித்தி: எனக்கும் அதே சந்தேகம்தான். வெளியே சொன்னால் ஒளித்துக் குடித்தார் என்றுதான் நினைப்பார்கள்.

நான்: ரிப்போர்ட் மாறவில்லை சித்தி. குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்புப் படியும். தேவைக்கு மேல் மாவும் சீனியும் போனால் ஈரல் அதைக் கொழுப்பாக்கித் தனக்குள்ளேயே சேர்த்து வைத்துவிடும். சித்தப்பா, ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி?

சித்தப்பா: ஆறு இருக்கும் மகள். இந்தக் குளிருக்கு வேறு என்ன செய்வது? கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி.

நான்: சித்தி, ஒரு கிளாஸில் 12 கரண்டி சீனி அளந்து போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சித்தி: (படம்)

சித்தி: சின்னக் கிளாஸில் பாதி வந்துவிட்டது! மாதம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இவருடைய தேத்தண்ணிக்கே போகிறது.

சித்தப்பா: தோட்டத்தில் வேலை செய்த காலத்திலும் இதே தேத்தண்ணி, இதே கோதுமை ரொட்டிதான். அப்போது ஒன்றும் வரவில்லையே.

நான்: அப்போது விடியப் பிரட்டில் பேர் கொடுத்து, மலை ஏறி இறங்கி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினீர்கள். சாப்பிட்டது அங்கேயே எரிந்தது. இப்போது காலை முதல் இரவு வரை கடை ஸ்டூலில் இருக்கிறீர்கள். சாப்பாடு அப்படியே இருக்கிறது, வேலைதான் போய்விட்டது.

தம்பி: பயப்பட வேண்டுமா அக்கா?

நான்: இது ஈரல் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய கட்டம். முதலில் கொழுப்பு, அப்புறம் வீக்கம், அப்புறம் தழும்பு. தழும்பு கூடிக்கூடி ஈரல் முழுக்க முடிச்சு முடிச்சாக இறுகினால் அதுதான் சிரோசிஸ். ஸ்கேனில் போடும் கிரேட் கொழுப்பின் அளவைத்தான் சொல்லும். தழும்பு விழுந்திருக்கிறதா என்று டொக்டர் இரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் சொல்வார். சர்க்கரை, கொலஸ்ட்ரோலும் பார்க்க வேண்டும். சித்தப்பா 78 கிலோ. 5 முதல் 8 கிலோ குறைந்தால் ஈரல் நன்றாகத் தேறும். அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம், சட்டென்று இளைப்பதும் ஈரலுக்குக் கெடுதல்தான். சீனியை நிறுத்துங்கள், இரவு ரொட்டி நான்கு என்றால் இரண்டாக்குங்கள், தினமும் கோயில் மேட்டுக்கு நடந்து போய் வாருங்கள்.

பதுளை மாமி: கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுங்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் காமாலை வந்தபோது அதில்தான் சுகமானது.

நான்: மாமி, மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி. வைரஸ், பித்தக் கல், எலிக்காய்ச்சல், சாராயம், எதனாலும் கண் மஞ்சளாகும். தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருகிற ஹெப்பாடிட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மாறிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். எலிக்காய்ச்சலாக இருந்தால் கீழாநெல்லியை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் ஆளே போய்விடலாம். கண் மஞ்சளானால் முதலில் ஆஸ்பத்திரி. பெயர் தெரியாத பொடி, சூரணம் எதுவும் வேண்டாம், சிலது ஈரலையே கெடுக்கும்.

பெரியம்மா: நான் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பு வலிக்குத் தினமும் பனடோல் போடுகிறேனே. அதுவும் ஈரலைப் பாதிக்குமா?

நான்: எத்தனை பெரியம்மா?

பெரியம்மா: காலையில் 2, மத்தியானம் 2, இரவு 2. தடிமன் இருந்தால் பாமசியில் தரும் மாத்திரையும்.

நான்: பனடோல் என்பது பரசிட்டமோல்தான். தடிமன் மாத்திரைகள் பலவற்றிலும் அதே பரசிட்டமோல்தான் இருக்கிறது. நல்ல எடையுள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை 8தான் எல்லை. நீங்கள் 50 கிலோகூட இல்லை, அந்த 8 உங்களுக்குப் பொருந்தாது. இரண்டையும் சேர்த்துப் போடவே போடாதீர்கள். தினமும் மாத்திரை கேட்கிற இடுப்பு வலியை டொக்டர் பார்க்கத்தான் வேண்டும். யாராவது தவறி அதிகம் விழுங்கிவிட்டால், ஆள் நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது, ஈரல் கெடுவது பிறகுதான் தெரியும். அதை முறிக்கும் மருந்து இருக்கிறது, முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

இரவு 9.40

அண்ணன் (மஸ்கெலியா): தங்கச்சி, ஒன்று கேட்க வேண்டும். நான் சாராயத்தை விட்டு வருடமாகிறது. பியர் மட்டும்தான், தினமும் பெரிய போத்தல் இரண்டு. அது அவ்வளவு கெடுதல் இல்லைதானே?

நான்: போத்தலில் 8.8 சதவீதம் என்று போட்டிருக்கிறதா அண்ணா?

அண்ணன்: ஆமாம்.

நான்: அப்படியானால் 625 மில்லி போத்தல் ஒன்றில் இருக்கும் அல்கஹோலும் கால் போத்தல் சாராயத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு போத்தல் என்றால் தினமும் அரைப் போத்தல் சாராயம். கள்ளச் சாராயமான கசிப்போ, பியரோ, ஈரல் பெயரைப் பார்ப்பதில்லை.

பெரியம்மா: இவனுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் சாரம் இடுப்பில் நிற்கவில்லை, வயிறு அப்படி ஊதியது. காலை அமுக்கினால் விரல் பட்ட குழி அப்படியே இருந்தது. ஆனால் ஈரல் வலிக்கிறது என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

நான்: ஈரலுக்குள் வலியை உணரும் நரம்பு இல்லை பெரியம்மா. முக்கால்வாசி கெட்ட பிறகும் ஆள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். அதனால்தான் வலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

அண்ணன்: வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டேன். இன்று ஓட்டோ ஹேண்டிலைப் பிடிக்க முடியவில்லை, கை நடுங்குகிறது. தூக்கமும் இல்லை.

நான்: அண்ணா, நிறுத்தியதற்கு உங்களைக் கும்பிட வேண்டும். ஆனால் தினமும் குடித்தவர் திடீரென்று தனியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். அதைத் தடுக்க மருந்து இருக்கிறது. இன்று இரவு தனியாகப் படுக்காதீர்கள். உடம்பு தூக்கிப் போட்டாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலோ உடனே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. ஒன்றும் இல்லாவிட்டாலும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்று குறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அண்ணன்: சொல்கிறேன். டொக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான் போகவில்லை.

பெரியம்மா: நான் இவன் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

சித்தப்பா: மகனே, ஓட்டோவை எடுக்காதே. நான் முதல் பஸ்ஸில் அங்கே வருகிறேன், சேர்ந்து போவோம். எனக்கும் இரத்தம் எடுக்க வேண்டும்.

அண்ணன்: சரி சித்தப்பா.

பெரியம்மா: அப்பாவின் பழைய கிளினிக் கொப்பி பெட்டியில் இருக்கிறது. எடுத்து வைக்கிறேன், அதையும் டொக்டரிடம் காட்டு.