சக்கர் மீன் விட்டும் தொட்டியில் கழிவு குறையவில்லை, என்ன செய்யலாம்?

பாளைக்காரன்:
ரெண்டடி தொட்டியில் ஐந்து தங்கமீன், பஞ்சு ஃபில்டர் ஓடுகிறது. அடியில் கழிவு திட்டுத்திட்டாகக் கிடக்கிறதே என்று கடையில் கேட்டதற்கு, சக்கர் மீன் விட்டால் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் விரல் நீளம் இருந்தது ஒரு சாண் ஆகிவிட்டது, கழிவு கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை, பழுப்பு நூல் மாதிரி அதுவும் போட்டுக்கொண்டே இருக்கிறது. போன வாரம் தண்ணீர் முழுவதையும் கொட்டி, பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்து, கற்களையும் கழுவி வைத்தேன். நாலாம் நாள் ஒரு தங்கமீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது, மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. மகள் அழுதுவிட்டாள். கழிவைத் தின்ன நத்தை, இறால் ஏதாவது விடலாமா?

அம்பை மீன்தொட்டி:
அண்ணாச்சி, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மீன் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கிற மீன் எதுவும் கிடையாது. சக்கர் தின்பது பாசியும் மிச்சத் தீனியும், அது ஒரு அடிக்கு மேல் வளரும். கண்ணுக்குத் தெரியும் கழிவைவிட, மீனிடமிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் கலக்கும், கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாதான் மீனைக் கொல்வது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா உங்கள் பஞ்சிலும் கல்லிலும்தான் குடியிருந்தது, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவியதில் பெரும்பாலும் போயிருக்கும். மறுபடி நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். நம்ம ஊர் வெக்கையில் அம்மோனியாவின் விஷம் இன்னும் ஏறும். அதனால் ரெண்டு நாள் தீனி போடாதீர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், முந்தின நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்த தண்ணீராக இருக்கட்டும். பஞ்சை இனி தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

அடிக்கழிவுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பக்கத்தை வெட்டி அதன் முனையில் மாட்டி, கல்லுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்தால் கழிவு புகை மாதிரி சுழன்று மேலே ஏறும், கல் கீழேயே விழுந்துவிடும். குழாய் வழியாக வாளிக்கு வரும் அந்தத் தண்ணீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றிப் பாருங்கள், அப்புறம் கொட்ட மனசு வராது.

தென்காசி சாரல்:
இறால் வேண்டாம், தங்கமீன் தின்றுவிடும். திருகாணி மாதிரி நீண்ட ஓடுள்ள சின்ன நத்தை நல்லது, பகலில் மணலுக்குள் புதைந்து மிச்சத் தீனியைத் தின்னும், மணலையும் கிளறிவிடும். ஆனால் ராத்திரி லைட் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முழுக்க நத்தையாக இருந்தால் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். மீனுக்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றினால் நத்தை செத்துவிடும், கவனம். மணி பிளாண்ட் ஒரு கொடியை வேர் மட்டும் தண்ணீரில் படும்படி தொங்கவிடுங்கள், நைட்ரேட்டை அது இழுத்துக்கொள்ளும்.

குறுக்குத்துறை:
ஒரே ஒரு வேண்டுகோள். சக்கரைத் தாமிரபரணியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்க மீன், கரையைக் குடைந்து முட்டையிடும், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பாளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. காலையில் குழாய் வைத்து உறிஞ்சினேன், அரை வாளி கருப்பாக வந்தது, கற்களை நான் கழுவி ஒரு வாரம்கூட ஆகவில்லை! தீனியை நிறுத்திவிட்டேன். சக்கரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள், சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.