கோர்ஃபுவில் மழை: எங்கள் குடும்பக் குழு

சனிக்கிழமை, காலை

செந்தில்: நேற்று ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. பேலியோகாஸ்திரிட்சா கடற்கரையில் அலை பெரிதாக இருக்கிறதாம், குகைகளுக்குப் படகு விடவில்லை. அப்பாவும் அம்மாவும் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கவின் நச்சரிக்கிறான். மீனா அக்கா, நீங்கள் இங்கே படித்தவர்தானே, என்ன செய்யலாம்?

மீனா அக்கா: உடனே கிளம்பி கோர்ஃபு நகரத்துக்குப் போ. மழையில் சுற்றிப் பார்க்க அதைவிட நல்ல ஊர் கிரேக்கத்தில் எனக்குத் தெரியாது.

மீனா அக்கா: கிரேக்கத் தீவு என்றாலே வெயிலும் வெள்ளை வீடும்தான் எல்லோர் மனதிலும். கோர்ஃபு அப்படி இல்லை. மேற்கிலிருந்து வரும் மேகம் இங்கே கொட்டித் தீர்த்துவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். தீவு இத்தனை பச்சையாக இருப்பது அதனால்தான்.

திவ்யா: அண்ணி, பஸ்ஸில் போகவா, காரிலா? மாமாவுக்கு முழங்கால் வலி.

மீனா அக்கா: காரே சரி. பச்சை பஸ் உண்டு, ஆனால் சீசன் முடியும் நேரத்தில் குறைத்துவிடுவார்கள். சித்தப்பாவை மியூசியம் வாசலில் இறக்கிவிட்டு, பழைய துறைமுகத்துப் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். பழைய நகரச் சந்துகளுக்குள் வண்டி போகாது. இன்னொன்று, அங்கே தரைக்கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும், ஈரத்தில் வழுக்கும். எல்லோரும் ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். பழைய கோட்டைக்கு இன்று ஏறவே ஏறாதீர்கள்.

பெரியப்பா: மீனா, தம்பிக்குச் சிற்பம் என்றால் உயிர். அதைப் பார்க்க வை.

மீனா அக்கா: முதலில் அங்கேதான் அனுப்புகிறேன் அப்பா. தொல்லியல் மியூசியம். ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கத் தெய்வத்தின் கோயில் முகப்புச் சிற்பம் அங்கே இருக்கிறது, கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. சுமார் 17 மீட்டர் அகலம். நடுவே மெடூசா, கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக் கூந்தல் அரக்கி. 1911இல் தோண்டி எடுத்தார்கள், ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மே பக்கத்தில் நின்று ஆர்வமாகப் பார்த்தார். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் அதன் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள்.

செந்தில்: கவினுக்கு?

மீனா அக்கா: ஆசியக் கலை மியூசியம். பிரிட்டிஷ் ஆட்சியில் 1819இல் கட்டத் தொடங்கிய அரண்மனைக்குள் இருக்கிறது. சாமுராய் கவசங்களைப் பார்த்தால் வெளியே வரமாட்டான். ஆஸ்திரியாவில் கிரேக்கத் தூதராக இருந்த மானோஸ் என்பவர் சுமார் 10,000 பொருட்களைச் சேர்த்து அரசுக்குக் கொடுத்ததால் வந்த மியூசியம் அது. தன் சொத்தையே அதில் கரைத்தார். காந்தாரப் புத்தர் சிற்பங்களும் உண்டு.

சித்தி (செந்திலின் அம்மா): சாப்பாடு? இன்று சனிக்கிழமை, நான் கவிச்சி தொட மாட்டேன். இங்கே எல்லாம் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது.

மீனா அக்கா: சித்தி, த்சிகரெலி என்று கேளுங்கள். கீரையை மிளகாய்ப்பொடி போட்டு வதக்கித் தருவார்கள், காரமாக இருக்கும். கிரேக்கத்தில் மற்ற இடங்களில் இவ்வளவு காரம் கிடைக்காது. மற்றவர்கள் பூர்டெத்தோ சாப்பிடட்டும், அது காரமான மீன் குழம்பு. குடிக்க த்சித்சிபீரா, இஞ்சியும் எலுமிச்சையும் போட்டது. பிரிட்டிஷ்காரர் விட்டுப்போன பழக்கம்.

திவ்யா: நடுவில் மழை வலுத்தால்?

மீனா அக்கா: பழைய நகரத்துப் பெரிய மைதானத்தை ஒட்டி லிஸ்டன் என்று வளைவு வளைவாக நீண்ட தாழ்வாரம் வரும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் தொடங்கியது, பாரிஸின் ரிவோலி தெருவைப் பார்த்து. அடியில் வரிசையாகக் காபிக்கடைகள். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் நனையாமல் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். அப்புறம், பின்னால் இருக்கும் புனிதர் ஸ்பிரிடன் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். தோளை மூடிக்கொண்டு போங்கள். வெள்ளிப் பேழையில் அவர் உடல் இருக்கிறது. 1716 ஆகஸ்டில் ஒட்டோமான் படை முற்றுகையிட்டபோது பெரும் புயல்மழை அடித்து அவர்கள் பின்வாங்கினார்கள். அந்த மழையை அனுப்பியது ஸ்பிரிடன்தான் என்று ஊர் நம்புகிறது. இன்றும் ஆகஸ்ட் 11 அன்று ஊர்வலம் எடுக்கிறார்கள். தீவில் பாதிப் பேருக்கு ஸ்பிரோஸ் என்றுதான் பெயர்.

பிற்பகல்

சித்தப்பா (செந்திலின் அப்பா): அண்ணா, மெடூசா எதிரில் இருக்கிறேன். இடுப்பில் இரண்டு பாம்புகளை எதிரெதிரே முடிச்சுப் போட்டு ஒட்டியாணமாகக் கட்டியிருக்கிறாள். கால் ஓடுவது போல மடங்கியிருக்கிறது, முகம் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் சிறுத்தைகள். சுண்ணக்கல்லில் இவ்வளவு வேலை!

பெரியப்பா: அந்த முடிச்சைக் கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பு.

சித்தப்பா: அனுப்பிவிட்டேன். காவலர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். கால் வலி தெரியவில்லை.

திவ்யா: கவின் சாமுராய் கவசத்தை வரைந்துகொண்டிருக்கிறான் அண்ணி. அத்தை இரண்டாவது த்சித்சிபீரா கேட்கிறார்.

சித்தி: கீரையும் நன்றாக இருந்தது. செய்முறை தெரிந்தால் அனுப்பு மீனா.

மீனா அக்கா: இரவு அனுப்புகிறேன் சித்தி. செந்தில், மழை விட்டாலும் நாளை காலை அலை அடங்கியிருக்காது. படகுக்காரரிடம் போனில் கேட்டுவிட்டே சித்தப்பாவைக் கரைக்குக் கூட்டிப்போ.

செந்தில்: சரி அக்கா. படகு இல்லையென்றால் விட்டுப்போன சந்துகளுக்கு மறுபடியும் நகரத்துக்கே வருகிறோம். அப்பா இப்போதே கேட்கிறார்.