கங்கை டால்பினும் ஆற்றுப்பாலையும்: அணை வந்தால் எதற்கு முதல் ஆபத்து?

கேள்வி:
ஏழாம் வகுப்புக்கு ஆறுகள் பாடம் நடத்துகிறேன். கங்கை டால்பின், நம் மலையோரங்களில் வளரும் வில்லோ வகை மரமான ஆற்றுப்பாலை, இரண்டும் ஆற்றை நம்பி வாழ்பவை என்று சொன்னேன். "குறுக்கே அணை கட்டினால் எதுக்கு முதல்ல ஆபத்து டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். டால்பினுக்குத்தான் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. மரம் மட்டும் தப்பித்துவிடுமா?

பதில் 1:
டீச்சர், வேலைக்காக நான்கு வருடம் பீகாரில் பாகல்பூரில் இருந்தேன். அங்கே சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்கான் வரை கங்கையே டால்பின் சரணாலயம், 1991 முதல். விடியற்காலையில் படித்துறையில் உட்கார்ந்தால் முதலில் காதில்தான் விழும், 'சூஸ்' என்று ஒரு மூச்சு. திரும்புவதற்குள் நீண்ட மூக்கும் சாம்பல் முதுகும் உள்ளே போயிருக்கும். அந்த மூச்சை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் 'சூன்ஸ்' என்கிறார்கள். அதன் கண்ணில் வில்லையே கிடையாது. கலங்கல் நீரில் ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டே மீனைப் பிடிக்கும்.

தடுப்பணை வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். கோடையில் ஆழமான மடுக்கள் குறைந்தால் ஒதுங்க இடமில்லை. ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால் இழப்பு சீக்கிரம் ஈடாகாது. நீங்கள் சொன்னது சரிதான்.

பதில் 2:
பாதி சரி. எங்கள் ஏலத்தோட்டத்து ஓடைக்கரையில் ஆற்றுப்பாலை நிற்கிறது. வெள்ளம் ஒடித்துப்போட்ட கிளை, ஈரமணலில் புதைந்த இடத்திலேயே வேர்விட்டதைப் பார்த்திருக்கிறேன். டால்பினுக்கு இல்லாத வசதி இது. ஆனால் விதைக் கதை வேறு. பஞ்சோடு பறக்கும் பொடி விதை, சில நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் வெள்ளம் வடிந்த புது ஈரமணல் கிடைத்தாக வேண்டும். அணை வெள்ளத்தை அடக்கிவிட்டால் அந்த மணல் ஏது? கரையில் பெரிய மரங்கள் பச்சையாகவே நிற்கும், பக்கத்தில் ஒரு கன்றுகூட இருக்காது. டால்பினின் கஷ்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும், மரத்தின் கஷ்டம் தெரிய ஒரு தலைமுறை ஆகும்.

கேட்டவர்:
கன்று இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளை கிடைக்குமா சார்? டம்ளர் தண்ணீரில் வேர்விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.

பதில் 2:
கட்டாயம். விரல் பருமனில், ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி அனுப்புகிறேன். வந்ததும் அடிப்பக்கத்தைத் தண்ணீரில் வையுங்கள்.