சினைப்பர் நாவல்கள் ஏன் கட்டிப்போடுகின்றன?

நல்லூர் வாசகன்: ஷெல் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்த நானே இராணுவச் சினைப்பர் (மறைந்திருந்து தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்) நாவலொன்றை எடுத்தால் விடியும்வரை வைப்பதில்லை. இந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது?

கொக்குவிலான்: காத்திருப்பில்தான், தம்பி. ஆயிரம் மீற்றரைக் கடக்கத் தோட்டாவுக்கு ஒரு செக்கனுக்கு மேலாகும். அதற்குள் புவியீர்ப்பு அதைப் பல மீற்றர் கீழிறக்கும், காற்றும் பக்கவாட்டில் தள்ளும் என்பதால், புல் அசைவதைக்கூட ஆசிரியர் பக்கக்கணக்கில் எழுதலாம். நாமும் மூச்சடக்கி வாசிப்போம்.

வடமராட்சிப் பெண்: எனக்குச் சினைப்பரின் அந்தத் தனிமைதான் ஈர்ப்பு. சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்தின் சினைப்பர் சிமோ ஹைஹா துப்பாக்கியில் தொலைநோக்கியின்றியே குறிபார்த்தார். கண்ணாடியின் பளபளப்பு காட்டிக்கொடுக்கும், தலையையும் சற்று உயர்த்தவேண்டிவரும் என்பதே காரணம். ஆனால், குறிக்குள் அகப்பட்டவனின் வீட்டைப் பற்றி ஒரு வரியேனும் இல்லாத நாவலை நான் பாதியிலேயே மூடிவிடுவேன், அண்ணா.